முப்பத்தேழாவது பதிவு

காலை ஆறு பத்துக்குக் குழாயில் தண்ணீர் வரும். ஆறே முக்காலுக்கு நின்றுவிடும். வசந்தகுமார் ஆறு மணிக்கு எழுந்து, நீல டிரம்மைக் கழுவி, குழாயில் ரப்பர் டியூபை மாட்டி, மறுமுனையை டிரம்முக்குள் போட்டுவிட்டுப் பல் தேய்ப்பான். டிரம் நிறைய இருபது நிமிடம் ஆகும். பிறகு இரண்டு பக்கெட், ஒரு குடம். அதற்குள் ராணுவக் குடியிருப்புப் பக்கமிருந்து பியூகிள் ஊதி ஓய்ந்திருக்கும். தெருமுனைக்குப் போய் அரை லிட்டர் பாலும் பாவ் ரொட்டியும் வாங்கி வருவான். பாவ் நான்காக ஒட்டித்தான் வரும். ஒன்றைப் பிய்த்து டீயில் தொட்டுத் தின்றுவிட்டு மீதியை மூடி வைப்பான். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். பூனாவில், கோர்படி ரயில்வே காலனிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

அன்று சனிக்கிழமை. அவன் மனைவி ரோஹிணி செத்து நாற்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

ஏழரைக்கு அவள் அம்மா பவுன் டப்பாவோடு வந்தாள். அடுத்த சந்தில் வீடு. கணபதி பந்தலைப் பிரித்த மூங்கில்கள் வழியில் கிடந்தன. அவற்றைத் தாண்டி, சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். முதலில் அடுப்படிக்குப் போய் நேற்று வைத்த டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"இன்னா மாப்ள இது, வெச்சது வெச்சபடி கீது. கொழம்பு புடிக்கலியா?"

"பசிக்கல அத்தே."

"பசிக்கல பசிக்கலன்னா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? தோச கொண்டாந்துகீறேன். சூட்டோட துன்னுங்க. நின்னுகினு துன்னக் கூடாது. உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். சொன்னதைச் செய்வது இந்த நாற்பத்து மூன்று நாளில் பழகியிருந்தது. எழு என்றால் எழுவான். மொட்டை போடு என்றார்கள், போட்டுக்கொண்டான். ஆபீசில் விடுப்பு எடு என்றார்கள், எடுத்தான். அழுதுவிடு, மனசு லேசாகும் என்றும் சொன்னார்கள். அது மட்டும் வரவில்லை.

"மாமா வர்றாரா?"

"வர்றாரு. சவரம் பண்ணிகினு கீறாரு. ஆபீஸ்காரர் வர்றாருன்னா அவருக்குக் கலெக்டர் வர்ற மாதிரி."

ஆபீஸ்காரர் என்றால் லக்ஷ்மிநாராயணன். கோந்த்வாவில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்த அலுவலகத்துக்கு மேனேஜர். வெளிநாட்டிலிருந்து ஒலிப்பதிவுகள் வரும். கேட்டு, தட்டச்சு செய்து, திருப்பி அனுப்பவேண்டும். அதுதான் தொழில். வசந்தகுமாரும் ரோஹிணியும் அங்கே பார்த்துப் பழகித்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவள் கேட்டு எழுதுபவள். அவன் எழுதியதைச் சரிபார்ப்பவன். அவள் எழுதியது அவன் கைக்கு வந்துதான் வெளியே போகும்.

முந்தின நாள் லக்ஷ்மிநாராயணன் போன் செய்து, ரோஹிணியின் லேப்டாப் ஆபீசுக்கு வரவேண்டியிருக்கிறது, ஒரு கையெழுத்தும் வேண்டும், பெரியவர்கள் யாராவது உடன் இருந்தால் நல்லது என்றார். எதில் கையெழுத்து என்று வசந்தகுமார் கேட்கவில்லை.

ரோஹிணி கடைசியாகச் செய்துகொண்டிருந்த வேலைக்கு ஆபீசில் 'நார்த்' என்று பெயர். பூமியின் வடக்கு உச்சியில், வருடத்தில் எட்டு மாதம் பனி மூடிய இடத்தில், ஒரு வைரக் கம்பெனி. ஆரம்பித்து முப்பது வருடம் ஆனதைக் கொண்டாட ஒரு புத்தகம் போடுகிறார்கள். முதன்முதலில் அங்கே போனவர்கள், கூடாரம் அடித்தவர்கள், ஹெலிகாப்டர் ஓட்டியவர்கள், சமைத்தவர்கள் என்று அறுபத்தொரு பேரைப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தார்கள். அந்த அறுபத்தொரு பேரும் பூனாவுக்கு, கோர்படிக்கு, இந்த அடுப்படிக்குப் பக்கத்து மேசைக்கு வந்து சேர்ந்தார்கள்.

வீட்டிலிருந்து செய்ய அனுமதி இருந்தது. காதில் ஹெட்போன், காலடியில் பெடல். ஒரு மிதி மிதித்தால் பேச்சு நிற்கும். இன்னொரு மிதிக்குக் கொஞ்சம் பின்னால் போய்த் திரும்பச் சொல்லும். தையல் மிஷினில் உட்கார்ந்தவள் மாதிரி காலை ஆட்டிக்கொண்டே இருப்பாள். பவுன் கீரை ஆய்ந்துகொண்டு அவள் முகத்தையே பார்ப்பாள். பெடல் நின்றதும் கேட்பாள்.

"இன்னாடி சொல்றாங்க இன்னிக்கி?"

"ரெண்டு பேரு, அம்மா. கல்லு தேடறவங்க. பத்து வருஷமா மண்ண சலிச்சிகினே நடந்துக்கிறாங்க."

"வைரத்துக்கா?"

"வைரம் இல்லமா. செகப்பா, கடுகு சைஸ்ல ஒரு கல்லு. அது எங்க இருந்து வந்துதோ அங்கதான் வைரம் இருக்கும். பழைய காலத்துல பனி மலை நகரும்போது அத்த இழுத்துகினு வந்து வழியெல்லாம் செதறிட்டுப் போச்சாம். இவனுங்க அந்தச் செதறல புடிச்சி திரும்பி நடந்துக்கிறானுங்க. எல்லாரும் பாகல், பைத்தியம்னு சிரிச்சாங்களாம். கடசில ஒரு ஏரிக்கரையில வந்து கல்லு நின்னு போச்சி."

"அப்ப ஏரிக்கு அடியில?"

"ஏரிக்கு அடியில."

"அய்யய்யோ. தண்ணிய இன்னா பண்ணாங்க?"

"அது அப்புறம்மா. மொதல்ல கட்ட நட்டாங்க. அங்க சட்டம் அப்டி. நாலு மூலைக்குக் கட்ட நட்டா உள்ள கீற நெலம் ஒன்னுது. விஷயம் தெரிஞ்சதும் ஒலகமே ஹெலிகாப்டர்ல வந்து பனில கட்டய சொருகிக்கீது."

"நம்ம கோந்த்வால ப்ளாட்டு போடறானுங்களே, அந்த மாரி."

"அதே. அங்க ஏற்கெனவே மீன் புடிச்சிகினு இருந்தவங்கள யாரும் கேக்கல. அதுவும் அதே."

பவுனுக்கு இது டி.வி. சீரியலைவிடப் பிடித்துப்போனது. அந்த ஊரில் துணி எப்படிக் காயும் என்று கேட்டாள். காயாது, விறைத்துக்கொள்ளும், மடிக்கவேண்டுமானால் உடைக்கவேண்டும் என்றாள் ரோஹிணி. "அப்ப பொடவய துண்டு துண்டா கட்டிப்பாளுங்க" என்றாள் பவுன். இரண்டு பேரும் கீரைக்கட்டு சரிய சரியச் சிரித்தார்கள். வசந்தகுமார் அந்தப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, அவள் எழுதி அனுப்பியதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று முறை கேட்கவேண்டும் என்பது அந்தத் தொழிலின் விதி. மூன்றாம் முறையும் விளங்கவில்லை என்றால் சதுர அடைப்புக்குறிக்குள் 'தெளிவில்லை' என்று போட்டு, எத்தனையாவது நிமிடம், விநாடி என்று குறித்துவிட்டு நகரலாம். ரோஹிணி மூன்றோடு நிற்கமாட்டாள். பத்து, பதினைந்து தடவை கேட்பாள். முதல் முப்பத்தாறு பதிவுகளில் அவள் போட்ட 'தெளிவில்லை' மொத்தம் ஒன்பது. அதில் ஐந்து, ஹெலிகாப்டர்காரர் வாயில் எதையோ மென்றுகொண்டு பேசியதால்.

முப்பத்தேழாவது பதிவில் ஒன்றுகூட இல்லை.

அது இசபெல் என்ற அம்மாவுடையது. எழுபத்தொரு வயது. அந்த மண்ணின் ஆள். முதல் முகாமில் சமையலுக்கு இருந்தவள். அவள் புருஷன் லூயி, கல் தேடிய இரண்டு பேருக்கும் வழிகாட்டியாகப் போனவன். முதல் குளிர்காலத்தில், துளை போடும் இயந்திரத்தை உறைந்த ஏரிமேல் டிராக்டரில் இழுத்துப் போகவேண்டியிருந்தது. பனிக்கட்டி இன்னும் கனக்கவில்லை, எட்டு நாள் பொறுக்கவேண்டும் என்று லூயி சொன்னான். துளை போட்டு அளந்து காட்டினான். எதிர்க்கரையில் வேறு கம்பெனிக்காரன் கட்டை நட்டுவிட்டான், எட்டு நாள் கிடையாது, இன்றைக்கே ஓட்டு, இல்லாவிட்டால் ஊருக்குப் போ என்றான் முகாம் தலைவன். லூயி ஓட்டினான். பாதி ஏரியில் பனிக்கட்டி உடைந்து வண்டியோடு மூழ்கிப்போனான்.

கம்பெனியின் பழைய ஏடுகளில், லூயி யாரிடமும் சொல்லாமல் தன் இஷ்டத்துக்கு வண்டியை எடுத்துப் போனதாக இருந்தது. இசபெல் சொன்னாள்: 'சமையல் கூடாரத்துக்கும் அவர்கள் கூடாரத்துக்கும் நடுவில் ஒரு தார்ப்பாய்தான் சுவர். நான் வாணலியில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தேன். முகாம் தலைவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. முப்பது வருடத்தில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் சமையல்காரிதானே. ரொட்டியைப் பற்றிக் கேட்டார்கள்.' பிறகு அந்த ஆளின் பெயரைச் சொன்னாள். அவன் பிற்பாடு கம்பெனியின் தலைவர்களில் ஒருவனாக ஆனவன். ஐந்தரை நிமிடம். நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, கணீரென்று.

அன்று ரோஹிணி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அம்மாவிடம் முழுக்கச் சொன்னாள். பவுன் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "அந்தக் கெய்வி நல்லா இருக்கணும்" என்றாள்.

நான்கு நாள் கழித்து, சரிபார்க்கும் வசந்தகுமாருக்கு லக்ஷ்மிநாராயணனிடமிருந்து ஒரு மெயில் வந்தது. முப்பத்தேழாவது பதிவு, பதினான்காம் நிமிடம் பத்தாம் விநாடி முதல் பத்தொன்பதாம் நிமிடம் நாற்பதாம் விநாடி வரை: ஒலித்தரம் சரியில்லை என்று வாடிக்கையாளர் கருதுகிறார். தக்கபடி குறிக்கவும்.

வசந்தகுமார் குறித்தான். முழுக்க அழித்தால் சந்தேகம் வரும் என்று அவனாகவே யோசித்து, அங்கங்கே ஒரு சொல் இரண்டு சொல்லை விட்டுவைத்து, முப்பத்தோரு இடத்தில் 'தெளிவில்லை' போட்டான். அரை மணி நேர வேலை. நன்றாகச் செய்தான். அப்போது அவனுக்கு அது வேலையாகத்தான் தெரிந்தது.

ரோஹிணி ஒரு வாரம் கழித்து, வேறு எதையோ தேடும்போது, அனுப்பிய பிரதியைப் பார்த்துவிட்டாள்.

"முப்பத்தோரு எடத்துல எனக்குக் காது கேக்கலியா?"

"மேலருந்து மெயில் வந்துச்சி ரோ."

"மெயில் வந்துச்சி. யார் மாத்துனது?"

"எல்.என். சார் சொன்னாரு. நா இன்னா பண்றது? மாட்டேன்னு சொன்னா வேற யாராச்சும் பண்ணப் போறான்."

"வேற யாராச்சும் பண்ணிருந்தா நா இன்னிக்கி சோறு துன்னிருப்பேன்."

அவள் சத்தம் போடவில்லை. ஆண்டனியைத் தெரியுமா உனக்கு என்று கேட்டாள். அவனுக்குத் தெரியாது. சொன்னாள். அவள் அப்பா சுந்தரமூர்த்தி ஒரு இரும்பு வார்ப்புப் பட்டறையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். கூட வேலை செய்த ஆண்டனியின் மேல் உருகிய இரும்பு கவிழ்ந்து அவன் செத்துப்போனான். வாளியைத் தூக்கும் சங்கிலி தேய்ந்திருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆண்டனிதான் கவனமாக இல்லை என்று எழுதிய தாளில் சுந்தரமூர்த்தி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ரோஹிணிக்கு அப்போது பத்து வயது. குழாயடியில் ஆண்டனியின் பெண்டாட்டி குடத்தை வைத்துவிட்டு, இவர்கள் வீட்டு வாசலைப் பார்த்து நிற்பாளாம். திட்டமாட்டாளாம். நிற்பாளாம்.

"அன்னிலருந்து எங்கப்பா மூஞ்ச நேரா பாத்ததில்ல நானு" என்றாள் ரோஹிணி. "இப்ப ஒன் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?"

மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. மழைக்காலக் காய்ச்சல் என்று இரண்டு நாள் மாத்திரை. பிறகுதான் டெங்கு என்றார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அந்த நாட்களில் அவள் அவனிடம் தண்ணீர் கேட்டாள், போர்வை கேட்டாள். கடைசி நாள் வரை வேறொன்றும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை லக்ஷ்மிநாராயணன் ஒன்பது மணிக்கு ஆக்டிவாவில் வந்தார். ரெயின்கோட்டைக் கழற்றி வாசலில் உதறினார். சுந்தரமூர்த்தி வெள்ளைச் சட்டையில் எழுந்து நின்று கும்பிட்டார். பட்டறைச் சத்தத்தில் காது மந்தம். அதனால் எல்லாவற்றையும் உரக்கச் சொல்வார்.

"வாங்க சார்! உக்காருங்க! பவுனு, சார்க்கு டீ!"

"ஒண்ணும் வேண்டாம் மாமா, இப்பதான் போஹே சாப்ட்டேன்." லக்ஷ்மிநாராயணன் பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் யோசித்து யோசித்து வரும். "வசந்த், எப்படி இருக்கே? மெலிஞ்சுட்டே. சாப்பிடணும்ப்பா. லைஃப் மூவ் ஆகணுமோல்லியோ. நான் சும்மா லேப்டாப் வாங்கிண்டு போலாம்னுதான் வந்தேன். அப்புறம் ஒரு சின்னக் கையெழுத்து. ஃபார்மாலிட்டி."

"எதுல சார்?"

"அந்த நார்த். முப்பத்தேழு. ஒரு கம்ப்ளெயின்ட் மாதிரி வந்திருக்கு. பெரிசா ஒண்ணும் இல்லே."

பேசியவர்களுக்கே எழுத்துப் பிரதியை அனுப்பி, சரிதானா என்று ஒப்புதல் வாங்கித்தான் புத்தகத்தில் சேர்க்கவேண்டும் என்று அந்த நாட்டில் ஒரு நடைமுறை. இசபெல்லுக்கும் போயிருந்தது. அவள் பதில் எழுதியிருந்தாள். அந்த மெயிலையே லக்ஷ்மிநாராயணன் நேற்று, மேலே இரண்டு வரி சேர்த்து, வசந்தகுமாருக்கு அனுப்பியிருந்தார். அவன் திறக்கவில்லை. இப்போது போனில் திறந்தான்.

"தமிழ்ல சொல்லுங்க மாப்ள" என்றாள் பவுன், அடுப்படி வாசலில் மீதித் தோசையை வைத்த தட்டோடு நின்றபடி. "அந்தக் கெய்வியா எழுதிக்கீது?"

அவன் ஒவ்வொரு வரியாகச் சொன்னான்.

"'என் பெயர் இசபெல். என் பேத்தி இதைத் தட்டச்சு செய்கிறாள். நீங்கள் அனுப்பிய தாளில் முப்பத்தோரு இடத்தில் தெளிவில்லை என்று இருக்கிறது. நான் தெளிவாகத்தான் பேசினேன். அன்றைக்கு எனக்குச் சளிகூட இல்லை. நான் பேசியதைக் கேட்க முடியாதவர் யார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். பெயரைச் சொல்லுங்கள்.'"

கேட்டுக்கு வெளியே கரும்புச்சாறு வண்டி மணி போனது.

"அதாவது," என்றார் லக்ஷ்மிநாராயணன், "அவா ஒரு பேர் கேக்கறா. நாம ஒரு பதில் தரணும். லெட்டர் ரெடி பண்ணிட்டேன்." தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். மேசையில் லேப்டாப் மூடிக் கிடந்தது, ஹெட்போன் அதன்மேல்.

வசந்தகுமார் படித்தான். இந்தப் பதிவைக் கேட்டு எழுதிய ஊழியர் ரோஹிணி, அந்த நாட்களில் உடல்நலம் குன்றியிருந்தார். அந்தப் பகுதியின் ஆங்கில உச்சரிப்பில் அவருக்குப் போதிய பயிற்சி இல்லை. பிழை முழுவதும் அவருடையது. அவர் தற்போது உயிருடன் இல்லை. கீழே சரிபார்த்தவர் கையெழுத்து என்று ஒரு கோடு.

"அவளுக்குக் காய்ச்சல் வந்தது இதுக்கு அப்புறம் சார்."

"டேட் யார் பார்க்கப் போறா?"

"பயிற்சி இல்லேன்னு போட்டிருக்கீங்க. நம்ம ஆபீஸ்லயே அவதான்..."

"தெரியும்ப்பா. எனக்குத் தெரியாதா? பெஸ்ட் கேர்ள். ஆனா பாரு, அவ போயிட்டா. இனிமே அவளுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லே. இருக்கறவாளைப் பார்க்கணுமில்லையா? உன்னைத்தான் நான் காப்பாத்தறேன் வசந்த். நீதானே மார்க் பண்ணே?"

பவுன் கையில் இருந்த தட்டு சாய்ந்து சட்னி தரையில் வழிந்தது.

"இன்னாது?"

"ஒண்ணும் இல்ல மாமி, அது டெக்னிக்கல்."

"நா ஒன்ன கேக்கல சாமி. மாப்ள. இவரு இன்னா சொல்றாரு? அந்தக் கெய்வி பேசினத அயிச்சது நீங்களா?"

"ஆமா அத்தே."

"எம்பொண்ணு எயிதினத?"

"ஆமா."

பவுன் தோசைத் தட்டை அவன் முன்னால் வைக்கத்தான் கொண்டுவந்திருந்தாள். திரும்பி அடுப்படிக்குள் போய் அதை டப்பாவில் கொட்டி மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, கையால் குத்தினாள். வெளியே வந்தாள்.

"நாப்பத்தி மூணு நாளு. காலைல ராவுல டப்பா தூக்கினு வந்து ஊட்னேனேடா ஒனக்கு. எம்பொண்ணு மூணு நாளு எங்கிட்ட கூட மூஞ்சி குடுத்துப் பேசல. இன்னாடி, சண்டையான்னு கேட்டா இல்லம்மான்னுது. வவுத்துல எத்த வெச்சிகினு போச்சின்னு தெரியாம நா சாமி சாமியா கேட்டுகினு கீறேன். நீ ஒக்காந்து என் தோசய துன்னுகினு கீற!"

"பவுனு! கொஞ்சம் இரு!" சுந்தரமூர்த்தி எழுந்தார். "ஆபீஸ் சமாச்சாரம்! ஒனக்கு இன்னா தெரியும்? மாப்ள, கையெழுத்து போட்டுடுங்க! பெரிய எடத்துல மோதக் கூடாது! தாளு தானே! போட்டா ஒண்ணும் ஆவாது! நா போட்டேன்! எனக்கு இன்னா ஆயிப்போச்சி?"

"இன்னா ஆச்சா?" பவுன் அவர் பக்கம் திரும்பினாள். "இன்னா ஆச்சின்னா கேக்கற? இருவது வருஷமா எம்பொண்ணு ஒனக்குச் சோறு வெச்சிக்கிறாளா ஒரு வேள? தட்ட நவுத்திட்டுப் போவுமே, பாத்ததில்ல? ஆண்டனி பொண்டாட்டி கொயாய்கிட்ட நின்னப்போ நீ பின்பக்கமா போவியே, அது இன்னா? ஒண்ணும் ஆவலியாம்! எனக்கு வாச்சதும் கையெயித்து போட்டவன். எம்பொண்ணுக்கு வாச்சதும் அதே."

சுந்தரமூர்த்திக்கு எல்லாம் கேட்டிருந்தது. உட்கார்ந்துகொண்டார்.

லக்ஷ்மிநாராயணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஃபேமிலி மேட்டரை நீங்க அப்புறமாப் பேசிக்கோங்கோ. வசந்த், பேனா வேணுமா?"

நாற்பத்து மூன்று நாளாக உள்ளே எதுவும் அசையாமல் கிடந்தது. இப்போது அசைந்தது துக்கம் இல்லை. இந்த மனிதர் நீட்டிய பேனாவின் மூடி கழற்றியே இருந்ததைப் பார்த்தபோது, அவனுக்குக் காதுமடல் வரை சூடேறியது. மூடியைக் கழற்றிவிட்டுத்தான் நீட்டுகிறார். போடுவான் என்று அவருக்குத் தெரியும். மெயில் அனுப்பும்போதும் தெரிந்திருந்தது. அதுவும் உண்மைதான், அவன் போட்டவன்தான்.

ஹெட்போனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தான்.

"சார்ஜ் இருக்கா? ஆஃப் பண்ணிக் குடுத்தாப் போதும்" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

ரோஹிணி தன் வேலையை ஒழுங்காக வைத்துக்கொள்பவள். பதிவு எண் போட்ட கோப்பு ஒவ்வொன்றும் வரிசையில் இருந்தது. முப்பத்தேழைத் திறந்தான். பதினான்காம் நிமிடம் பத்தாம் விநாடி. எல்லாம் இருந்தது. எட்டு நாள். அளந்து காட்டியது. தார்ப்பாய். ரொட்டி. அந்த ஆளின் பெயர், எழுத்துக்கூட்டி, இரண்டு தடவை. ஓரத்தில் ரோஹிணி தனக்காக ஒரு குறிப்பு வைத்திருந்தாள்: பதினொரு முறை கேட்டேன், சந்தேகம் இல்லை.

இசபெல்லின் மெயிலில் பேத்தியின் முகவரி இருந்தது. தன் மெயிலை லேப்டாப்பில் திறந்து அந்த முகவரிக்கே பதில் எழுதினான். அவனுக்கு நீளமாக எழுத வராது.

'நீங்கள் தெளிவாகத்தான் பேசினீர்கள். கேட்டவள் பெயர் ரோஹிணி. பதினொரு முறை கேட்டு ஒரு சொல் விடாமல் எழுதினாள். அவள் எழுதியதை இத்துடன் அனுப்புகிறேன். முப்பத்தோரு இடத்தில் அழித்தவன் நான். என் பெயர் வசந்தகுமார். அழிக்கச் சொல்லி வந்த மெயிலையும் இணைத்திருக்கிறேன்.'

"என்ன டைப் பண்றே?" லக்ஷ்மிநாராயணன் எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்றார். படித்தார். "ஏய். ஏய், வசந்த். பாகல் ஹை க்யா? அது கிளையன்ட் ப்ராப்பர்ட்டி. நீ சைன் பண்ணின அக்ரிமென்ட் ஞாபகம் இருக்கா? கோர்ட்டுக்கு இழுப்பா. பூனால எந்த ஆபீஸ்லயும் உனக்கு நாற்காலி கிடைக்காது. கையை எடு. கீ போர்டுலேர்ந்து கையை எடு!"

அவர் லேப்டாப் மூடியைப் பிடித்தார். பவுன் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இத்தனை வருடம் குடம் தூக்கிய கை.

"வுடு சாமி."

"மாமி, உங்களுக்குப் புரியலே..."

"எனக்கு எல்லாம் புரியுது. வுடு."

வசந்தகுமார் அனுப்பினான். போய்விட்டது என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு லேப்டாப்பை மூடி, வயரைச் சுற்றி, ஹெட்போனையும் பெடலையும் சேர்த்து லக்ஷ்மிநாராயணன் முன்னால் வைத்தான். அந்தத் தாளையும் மேலே வைத்தான்.

"எடுத்துட்டுப் போங்க."

லக்ஷ்மிநாராயணனுக்கு முகம் கறுத்துவிட்டது. பையில் எல்லாவற்றையும் திணித்தார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் இந்த ப்ராஜெக்டைப் பத்தியே பேசிண்டிருந்தா. ஆஸ்பத்திரிலகூட. கடைசி வார்த்தைகூட வேலையைப் பத்தித்தான். நான் இரங்கல் மெயில்ல எழுதியிருந்தேன், எல்லாரும் படிச்சா. அப்படிப்பட்டவ பேரை நீ இன்னிக்குக் கெடுத்துட்டே."

"நீங்க ஆஸ்பத்திரிக்கே வரல சார்."

ஆக்டிவா கிளம்பிப் போனது. ரெயின்கோட்டை வாசலிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். மழை பிடித்துக்கொண்டது. சுந்தரமூர்த்தி தரையில் வழிந்த சட்னியைப் பழைய துணியால் துடைக்கத் தொடங்கினார். அவர் தரை துடைத்து யாரும் பார்த்ததில்லை. யாரும் தடுக்கவில்லை.

பவுன் வசந்தகுமாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு பொய் சொல்றான். கடசியா ரோஹிணி 'அம்மா'ன்னு தானே சொன்னா? நீ தானே சொன்ன எங்கிட்ட. நானும் ஊரெல்லாம் அதத்தான் சொல்லிகினு கீறேன்."

அவன் போய் வாசலில் கிடந்த ரெயின்கோட்டை எடுத்து மடித்தான்.

"நீயும் பொய்யா?"

"ஆமா அத்தே."

"நெசத்த சொல்லு. மூடி மறைக்காம சொல்லு. எங்காதுல வுழட்டும்."

அவன் சொன்னான். மதியம் பன்னிரண்டு மணி. தீவிர சிகிச்சைக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிப் போனார்கள். லிஃப்ட் கீழே வர நேரமானது. அவன் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான், ஊசி குத்தாத கை. அவள் கண் திறந்திருந்தது. அவனைத் தெரிந்தது. லிஃப்ட் கதவு திறந்தபோது சொன்னாள்.

"கைய எடு. மொதல்ல போய் அந்த முப்பத்தோரு எடத்த மாத்தி வெச்சிட்டு வா."